மடிக்கணினியில் இடம் போதவில்லையா? அழிப்பதற்குமுன் அறியவேண்டியவை

மறுநாள் காலை பள்ளியில் சமர்ப்பிக்க வேண்டிய காணொளி. இரவு 11 மணிக்கு அதைச் சேமிக்க முயலும்போது, போதிய இடமில்லை என்று மடிக்கணினி கைவிரித்துவிடுகிறது. அவசரத்தில் வீட்டில் ஒருவர், ஆகப் பெரிய கோப்பு எது என்று தேடி, பெயர் புரியாத ஒன்றை அழித்துவிடுகிறார். இடம் கிடைக்கிறது, பிள்ளையின் வேலையும் முடிகிறது. அழிந்தது என்ன என்பது பல மாதங்கள் கழித்து, பாட்டியின் நினைவு நாளன்று தெரியவருகிறது.

பல வீடுகளில் நடக்கக்கூடியதுதான் இது. கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நடப்பில் இருந்தபோது, இறுதிச் சடங்குகளில் ஒரே நேரத்தில் 10 பேருக்குமேல் கூடமுடியவில்லை. காணொளி வழியாகத் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ள வழிவிடும் தற்காலிகச் சட்டம் அவ்வாண்டு மே மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழகத்திலும் மலேசியாவிலும் இருந்த உறவினர்கள் பலர் நல்லது கெட்டதைத் திரையில்தான் பார்த்தார்கள்.

அந்த நிகழ்வுகளை ‘ஸூம்’ செயலியில் கணினியிலேயே பதிவு செய்தவர்களுக்கு, அந்தக் காணொளி வழக்கமாக ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறைக்குள் ‘ஸூம்’ என்ற உறையில் போய்ச் சேர்ந்திருக்கும். கோப்பின் பெயர் பெரும்பாலும் வெறும் எண்ணாகவோ ‘வீடியோ’ என்ற சொல்லாகவோ இருக்கும். யாருடைய திருமணம், யாருடைய கடைசிப் பயணம் என்பது அந்தப் பெயரில் இராது. இடம் தேடுபவரின் கண்ணுக்கு அது வெறும் பெரிய கோப்பு.

கணினியில் இடத்தை அடைப்பவை இரண்டு வகை. கணினி தானாக உண்டாக்கியவை ஒன்று, வீட்டிலுள்ளவர்கள் உண்டாக்கியவை மற்றொன்று. முதல் வகையை அழித்தால், தேவைப்படும்போது கணினி மறுபடியும் உண்டாக்கிக்கொள்ளும். இரண்டாம் வகை போனால் போனதுதான். ஆகவே, எதை முதலில் அழிப்பது என்ற வரிசை தெரிந்திருப்பது அவசியம்.

இடம் எங்கே போகிறது?

கடையில் 128 ஜிகாபைட் என்று சொல்லி வாங்கிய மடிக்கணினியில் ஏறத்தாழ 119 ஜிகாபைட்தான் தெரிகிறதே என்று பலரும் கேட்பதுண்டு. யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளில் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1,024இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அதே காரணத்தால் 256 ஜிகாபைட், 238ஆகத் தெரியும்.

அதிலும் ஒரு பகுதியை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 64 ஜிகாபைட் சேமிப்பகம் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் நிபந்தனை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவுக்கு வந்ததால், பழைய மடிக்கணினிகளில் புதிய பதிப்பை ஏற்ற முயல்வோருக்கு இடப் பற்றாக்குறையும் ஒரு தடையாகலாம்.

மீதி இடத்தைப் பெரும்பாலும் காணொளிகள் நிரப்புகின்றன. ஆப்பிள் நிறுவனம் தரும் கணக்குப்படி, ஐஃபோனில் எடுக்கும் சாதாரண உயர்தரக் காணொளி நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 மெகாபைட் பிடிக்கும். அதையே 4கே தரத்தில் எடுத்தால் 170 மெகாபைட். ஒரு மணிநேர அரங்கேற்றத்தை 4கேயில் எடுத்தால் 10 ஜிகாபைட் போய்விடும். பெரிய திரையில் பார்க்கும் திட்டம் இல்லையென்றால், கைப்பேசியின் கேமரா அமைப்பில் தரத்தைக் குறைத்துக்கொள்வதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

சேமிப்பகம் விளிம்புவரை நிறைந்தால் கணினி மெதுவடையும். விண்டோஸ் வேலை செய்யும்போது தற்காலிகக் கோப்புகளை எழுதி வைக்க இடம் தேடும். பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் இடமின்றி நின்றுபோகும். மொத்த இடத்தில் 10 முதல் 20 விழுக்காடு காலியாக இருக்கட்டும் என்பது பொதுவான வழிகாட்டி.

முதலில் பாருங்கள், பிறகு அழியுங்கள்

விண்டோஸ் கணினியில் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ஸ்டோரேஜ்’ என்ற வரிசையில் சென்றால், எந்த வகைக் கோப்பு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் வரும். செயலிகள், தற்காலிகக் கோப்புகள், படங்கள், காணொளிகள் எனத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். ஆப்பிள் மேக் கணினியில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’, ‘ஸ்டோரேஜ்’ என்று செல்லவேண்டும்.

இந்தப் பட்டியலைப் பார்க்காமல் அழிக்கத் தொடங்குவது, வீட்டில் எந்த அறையில் குப்பை சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் பூசையறையைக் காலிசெய்வதுபோல. நூறு படங்களை ஒவ்வொன்றாக அழித்தால் அரை ஜிகாபைட்கூடத் தேறாமல் போகலாம். அதேவேளை, பிள்ளை விளையாடி மறந்துபோன ஒரே ஒரு விளையாட்டு 50 ஜிகாபைட்டுக்குமேல் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

தயங்காமல் அழிக்கக்கூடியவை

‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பகுதியில் உள்ளவற்றில் பெரும்பாலானவை கணினி உண்டாக்கியவை. பழைய புதுப்பிப்புகளின் மிச்சம், இணைய உலாவி சேர்த்துவைத்த தற்காலிகக் கோப்புகள், சிறு முன்னோட்டப் படங்கள் ஆகியவற்றை அழிப்பதால் நட்டமில்லை. முன்னோட்டப் படங்களை அழித்தால் உண்மையான படங்கள் அழியா, கணினி அவற்றை மீண்டும் தயாரித்துக்கொள்ளும்.

விண்டோஸின் புதிய பதிப்புக்கு மாறியவர்களுக்கு ‘முந்தைய விண்டோஸ்’ என்ற பொருளில் ஓர் உருப்படி தெரியும். அது பல ஜிகாபைட் பிடிக்கும். பழைய பதிப்புக்குத் திரும்பிச் செல்ல விரும்புவோருக்காக வைக்கப்பட்டிருப்பது அது. வழக்கமாக 10 நாள்களுக்குப் பிறகு தானாக நீங்கிவிடும். புதிய பதிப்பு நன்றாக இயங்குகிறது, கோப்புகள் எல்லாம் வந்துசேர்ந்துவிட்டன என்று உறுதிசெய்தபின் அதற்கு முன்பேகூட அழிக்கலாம்.

‘ரீசைக்கிள் பின்’ எனும் குப்பைத் தொட்டியில் கிடப்பவையும் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதைக் காலிசெய்தால்தான் இடம் விடுபடும். காலிசெய்யுமுன் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது, தவறுதலாக அழித்ததை எளிதில் மீட்கும் கடைசி வாய்ப்பு அதுதான்.

பயன்படுத்தாத செயலிகளையும் விளையாட்டுகளையும் ‘ஆப்ஸ்’ பகுதி வழியாக நீக்கலாம். முகப்புத் திரையிலுள்ள குறியீட்டை மட்டும் அழித்தால் செயலி போய்விடாது, இடமும் கிடைக்காது.

நிதானம் தேவைப்படுபவை

இந்த ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையும் இடம்பெற்றிருக்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெயர் தற்காலிகம் என்றாலும், அதற்குள் வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, உறவினர் மின்னஞ்சலில் அனுப்பிய பழைய குடும்பப் படம் எல்லாம் இருக்கலாம். அதைத் தேர்வு செய்யாமல் விட்டுவிட்டு, கோப்புறையைத் தனியே திறந்து, அளவுவாரியாக அடுக்கிப் பார்ப்பதே பாதுகாப்பு. ஒருமுறை நிறுவிமுடித்த செயலிகளின் நிறுவல் கோப்புகளும் ஒரே ஆவணத்தின் நான்கைந்து நகல்களும் அங்குக் கிடைக்கும். அவற்றை அழிக்கலாம்.

அடுத்தது வாட்ஸ்அப். குடும்பக் குழு, கோயில் குழு, பள்ளி நண்பர் குழு என ஒவ்வொன்றிலிருந்தும் காலையில் வந்துசேரும் பூவும் விளக்கும் கொண்ட வாழ்த்துப் படங்கள் சிறியவை என்றாலும் ஆயிரக்கணக்கில் சேரும். இந்தியாவில் கைப்பேசிகள் ஏன் அடிக்கடி நின்றுபோகின்றன என்று ஆராய்ந்த கூகல் பொறியாளர்கள், ‘காலை வணக்கம்’ படங்களே முக்கியக் காரணங்களில் ஒன்று என்று கண்டறிந்ததாக 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்திரீட் ஜர்னல் நாளிதழ் எழுதியது. அத்தகைய படங்களைக் கண்டுபிடித்து அழிக்கும் வசதி கூகலின் ‘ஃபைல்ஸ் கோ’ செயலியில் சேர்க்கப்பட்டது.

கைப்பேசியில் வாட்ஸ்அப் அமைப்புகளுக்குள் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, பிறகு ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்று சென்றால், பலமுறை பகிரப்பட்டவையும் 5 மெகாபைட்டைவிடப் பெரியவையும் தனியாகக் காட்டப்படும். பலமுறை பகிரப்பட்டவற்றில் உங்கள் வீட்டுப் படம் இருக்க வாய்ப்புக் குறைவு. பெரியவற்றில் இருக்கலாம், எனவே திறந்து பார்த்தபின் முடிவெடுக்கலாம். கணினியில் உள்ள வாட்ஸ்அப் செயலி படங்களைத் தானாக இறக்குவதை அதன் அமைப்பில் நிறுத்திவைக்கலாம்.

மூன்றாவது, முன்பு சொன்ன ‘ஸூம்’ போன்ற கோப்புறைகளும் கைப்பேசியிலிருந்து மொத்தமாக மாற்றிய காணொளிகளும். இவற்றைப் பெயரையோ அளவையோ பார்த்து அழிக்கவேண்டாம். திறந்து ஒரு நிமிடம் பாருங்கள். வைத்துக்கொள்ள வேண்டியது என்றால், பெயரை மாற்றிவிடுங்கள். ‘2020 மே, பாட்டி காரியம்’ என்று தமிழிலேயே எழுதலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். அடுத்தமுறை வேறொருவர் இடம் தேடும்போது அந்தப் பெயரே காவலாக நிற்கும்.

கைவைக்கக் கூடாதவை

‘விண்டோஸ்’, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஆகிய கோப்புறைகளுக்குள் சென்று எதையும் கையால் அழிக்கக்கூடாது. ‘சி’ டிரைவின் மேல்மட்டத்தில் பெரிதாகத் தெரியும் சில கோப்புகளையும் தொடக்கூடாது, அவை கணினி உறக்கநிலைக்குச் செல்லவும் நினைவகம் போதாதபோது சமாளிக்கவும் வைத்திருப்பவை.

‘கணினியைச் சுத்தப்படுத்துகிறோம்’ என்று இணையத்தில் திடீரென முளைக்கும் விளம்பரங்களை நம்பவேண்டாம். சேமிப்பகம் நிறைந்துவிட்டது, கிருமி புகுந்துவிட்டது என்று திரையில் எச்சரிக்கை காட்டி, ஓர் எண்ணை அழைக்கச் சொல்வது மோசடிக்காரர்களின் பழைய உத்தி. அழைத்தால், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். அதன்பிறகு வங்கிக் கணக்கும் அவர்கள் பார்வைக்கு வந்துவிடும். சந்தேகம் எழுந்தால் ‘ஸ்கேம்ஷீல்டு’ உதவி எண்ணான 1799ஐ அழைத்து விசாரிக்கலாம்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் தனிப்பட்ட கற்றல் கருவிகளில் பள்ளியின் நிர்வாகச் செயலி இருக்கும். இடம் வேண்டி அதை நீக்க முயலக்கூடாது. வீட்டுப் படங்களைச் சேமிக்கும் பெட்டியாகவும் அக்கருவியைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

மேகத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கை

‘எல்லாம் ஒன்டிரைவில் இருக்கிறது, கணினியில் உள்ளதை அழித்துவிடலாம்’ என்று நினைப்பது அடிக்கடி நேரும் தவறு. ஒன்டிரைவ் போன்ற சேவைகள் இரு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் வேலையைச் செய்கின்றன. கணினியில் ஒன்டிரைவ் கோப்புறையில் ஒரு படத்தை அழித்தால், மேகத்திலும் அது அழியும். கைப்பேசியிலும் காணாமல் போகும். தனிநபர் கணக்கில் அது 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அதற்குள் கவனித்தால் மீட்கலாம்.

கணினியில் இடம் வேண்டும், மேகத்தில் கோப்பு இருக்கவும் வேண்டும் என்றால், கோப்பின்மீது வலப்பக்கப் பொத்தானை அழுத்தி ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தேர்வு செய்யவேண்டும். ‘டிலீட்’ என்பதை அன்று. இரண்டும் ஒரே பட்டியலில் வருவதால் கவனம் தேவை.

இலவச இடத்துக்கும் எல்லை உண்டு. ஒன்டிரைவிலும் ஆப்பிள் ஐகிளவுடிலும் 5 ஜிகாபைட். கூகல் கணக்கில் 15 ஜிகாபைட், மின்னஞ்சலும் படங்களும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. கூகல் ஃபோட்டோஸ் வரம்பின்றிப் படங்களை ஏற்றுக்கொண்ட காலம் 2021 ஜூன் 1ஆம் தேதியுடன் முடிந்தது. ஈராண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியையும் கூகல் 2023 டிசம்பரிலிருந்து செயல்படுத்துகிறது. மறைந்த தந்தையின் கணக்கில் படங்கள் இருக்கின்றன என்று விட்டுவைத்திருக்கும் பிள்ளைகள் இதைக் கருத்தில்கொள்ள வேண்டும்.

மூன்று நகல், இரண்டு வகை, ஒன்று வெளியே

முக்கியமான கோப்புக்கு மூன்று நகல் வேண்டும், அவை இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில் இருக்கவேண்டும், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் பரவலாக்கிய விதி இது. வீவக வீட்டில் இதைச் செய்வது கடினமன்று. மடிக்கணினியில் ஒன்று, அலமாரியில் வைக்கும் வெளிப்புறச் சேமிப்பகத்தில் ஒன்று, மேகத்தில் அல்லது வேறு பேட்டையில் இருக்கும் அக்காள் வீட்டில் ஒன்று.

வெளிப்புறச் சேமிப்பகத்துக்கு மாற்றிவிட்டுக் கணினியில் உள்ளதை அழித்துவிட்டால், நகல் மறுபடியும் ஒன்றாகிவிடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. அந்தச் சேமிப்பகம் கைதவறி விழுந்தால் எல்லாம் போய்விடும். விரலளவு ‘தம்ப் டிரைவ்’, கோப்புகளைக் கொண்டுசெல்ல ஏற்றது. ஆண்டுக்கணக்கில் பாதுகாக்க அதை மட்டும் நம்பக்கூடாது. மாற்றியபின் நாலைந்து கோப்புகளையாவது புதிய இடத்தில் திறந்து பார்த்துவிட்டுத்தான் பழையதை அழிக்கவேண்டும்.

நகல் இல்லாமல் விட்டால் பயனீட்டாளர் தவறு செய்யாதபோதும் இழப்பு வரும் என்பதற்கு 2018ஆம் ஆண்டு நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. அவ்வாண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலரின் ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. இடத்தை மிச்சப்படுத்த ‘டாக்குமென்ட்ஸ்’ போன்ற கோப்புறைகளை வேறு சேமிப்பகத்துக்குத் திருப்பிவிட்டிருந்தவர்கள் அவர்களில் அடங்குவர். பழைய இடத்தில் காலியான கோப்புறைதான் மிஞ்சியிருக்கிறது என்று கருதி, உள்ளே கோப்புகள் இருந்தபோதே புதுப்பிப்பு அதை நீக்கியது. சில நாள்களில் விநியோகம் நிறுத்தப்பட்டு, திருத்திய பதிப்பு நவம்பரில் வெளிவந்தது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை மிகக் குறைவு என்றது நிறுவனம். வேறு நகல் வைத்திராதவர்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தந்திராது.

அழித்துவிட்டால் மீட்க முடியுமா?

முதலில் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். ‘ஷிஃப்ட்’ விசையோடு சேர்த்து அழித்திருந்தால் அங்கு இராது. ஒன்டிரைவ், கூகல் ஃபோட்டோஸ் ஆகியவற்றின் குப்பைத் தொட்டிகளையும் இணையத்தளம் வழியாகப் பாருங்கள்.

பழைய வகை வன்தட்டில் அழித்த கோப்பு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளே இருக்கும். அதனால், உடனே கணினியை நிறுத்திவிட்டு நிபுணரிடம் கொடுத்தால் மீட்கும் வாய்ப்பு உண்டு. இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது ‘எஸ்எஸ்டி’ எனும் திடநிலைச் சேமிப்பகம். ஒரு கோப்பை அழித்தவுடன் அந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் அதற்குத் தெரிவித்துவிடும். சேமிப்பகமும் பின்னணியில் அதைத் துடைத்து வைக்கும். வேகத்துக்காகச் செய்யப்படும் இந்த ஏற்பாட்டால், குப்பைத் தொட்டியும் காலியானபின் மீட்பது பெரும்பாலும் இயலாமல் போகிறது.

இடத்தைக் கூட்டுவது, பழையதை விடுவது

எவ்வளவு அழித்தும் போதவில்லை என்றால் பெரிய எஸ்எஸ்டிக்கு மாறலாம். எல்லா மடிக்கணினியிலும் அதை மாற்ற முடியாது, சிலவற்றில் பலகையோடு ஒட்டியே வரும். லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் விசாரிக்குமுன், கணினியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்கூலியையும் சேர்த்து விலையை எழுத்தில் கேளுங்கள். பல கணினிகளில் சேமிப்பகம் ‘பிட்லாக்கர்’ மறைகுறியீட்டால் பூட்டப்பட்டிருக்கும். அதன் மீட்புக் குறியீடு உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைத்துக்கொண்ட பிறகே கணினியைத் திறக்கக் கொடுங்கள்.

பழைய கணினியைக் கழிக்கும்போது அதைச் சாதாரணக் குப்பையில் போடவேண்டாம். 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவுத் திட்டத்தின்கீழ், பொது இடங்களில் சேகரிப்புத் தொட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. கொடுக்குமுன் ‘ரீசெட் திஸ் பிசி’ வசதியில் எல்லாவற்றையும் நீக்கி, தரவைத் துடைக்கும் விருப்பத்தையும் தேர்வு செய்யுங்கள். அதற்கும் முன்னால், உள்ளே இருக்கும் படங்களுக்கு வேறு நகல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உதவி கிடைக்கும் இடம்

மூத்தோருக்கு இவற்றில் அடிப்படை உதவி தேவைப்பட்டால், 2020ல் அமைக்கப்பட்ட எஸ்ஜி மின்னிலக்க அலுவலகத்தின் தூதர்களைச் சமூக மன்றங்களிலும் பொது நூலகங்களிலும் அணுகலாம். கைப்பேசிப் பயன்பாடு, இணையப் பாதுகாப்பு போன்றவற்றை அவர்கள் கற்றுத் தருகிறார்கள். பழுதுபார்ப்பது அவர்கள் வேலையன்று.

சிங்கப்பூர்த் தமிழ் நூல்களைப் பாதுகாக்கத் தொண்டூழியர்கள் முன்வந்ததால், நாட்டின் பொன்விழா ஆண்டான 2015ல் நூற்றுக்கணக்கான நூல்கள் மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலக வாரியத்திடம் சேர்ந்தன. தாத்தா பேசிய காணொளியும் அத்தை திருமணப் படமும் எந்த நூலகத்திலும் இரா. அவை வீட்டு மடிக்கணினியில், பெயரில்லாத ஏதோ ஒரு கோப்பாக இருக்கின்றன. பள்ளி விடுமுறையில் ஒருநாள் மாலை, பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால் வேலை எளிதாகும். பொத்தான் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். படத்தில் இருப்பவர் யார் என்று பெரியவருக்குத் தெரியும்.

சுருக்கமாக

- முதலில் ‘ஸ்டோரேஜ்’ பட்டியலைப் பார்த்து, எது அதிக இடம் பிடிக்கிறது என்று அறிந்துகொள்ளவும்.
- தற்காலிகக் கோப்புகள், பயன்படுத்தாத செயலிகள், விளையாட்டுகள் ஆகியவற்றை முதலில் நீக்கவும்.
- ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையை மொத்தமாக அழிக்கவேண்டாம்.
- பெயர் புரியாத காணொளியைத் திறந்து பார்த்து, தமிழில் பெயரிடவும்.
- வெளியே மாற்றிய கோப்பைத் திறந்து சோதித்தபின், இன்னொரு நகலும் இருந்தால் மட்டும் கணினியில் உள்ளதை அழிக்கவும்.
- ஒன்டிரைவில் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ வேறு, ‘டிலீட்’ வேறு.
- குப்பைத் தொட்டியைக் கடைசியாக, ஒருமுறை பார்த்தபின் காலிசெய்யவும்.